வேலியே பயிரை மேய்ஞ்சா யாரு பாக்கிறது? தன்னைத்தானே செக் பண்ணிக்கிற சர்க்யூட் கதை

கார்ல சாவியத் திருப்பினதும் டேஷ்போர்டுல இருக்கிற எச்சரிக்கை லைட்டு அத்தனையும் ரெண்டு செகண்ட் எரிஞ்சு அணையும், கவனிச்சிருப்பீங்க. ஆயில் லைட்டு எரியலன்னா ஆயில் சரியா இருக்குன்னு அர்த்தமா, இல்ல அந்த பல்பே ஃபியூஸ் போயிடுச்சான்னு பாக்கிறவனுக்குத் தெரியாது, ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால பல்பு உசுரோட இருக்குன்னு முதல்ல காட்டிட்டு அப்புறம் வண்டி கிளம்புது. கம்ப்யூட்டர் சிப்புக்குள்ள தப்பு கண்டுபிடிக்கன்னு வச்சிருக்கிற சர்க்யூட்டுக்கும் இதே தலைவலிதான். ஆனா அங்க ஆரம்பத்துல ஒரு தடவ பாத்துட்டா பத்தாது, செகண்டுக்கு நூறு கோடி தடவைக்கு மேல துடிக்கிற சர்க்யூட் அது, நடு ஓட்டத்துல அந்த 'பல்பு' செத்துப்போனா யாரு சொல்றது? செல்ஃப்-செக்கிங் சர்க்யூட்டுன்னு ஒரு துறையே இந்த ஒத்தக் கேள்வியப் புடிச்சுக்கிட்டுதான் வளந்துச்சு.

முதல்ல, சிப்பு தப்பு பண்ணுமா? பண்ணும். கம்ப்யூட்டர் தப்பே பண்ணாது, மனுசன்தான் பண்ணுவான்னு சொல்றதெல்லாம் சாஃப்ட்வேர்காரங்களத் திட்டறதுக்கு நல்லா இருக்கும், அவ்வளவுதான். 2003 மே மாசம் பெல்ஜியத்துல ஸ்கார்பேக்ங்கிற ஊர்ல எலக்ட்ரானிக் ஓட்டு எண்ணறப்ப ஒரு வேட்பாளருக்கு அவங்க வாங்கியிருக்கவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது, திரும்ப எண்ணிப் பாத்தா சரியா 4096 ஓட்டு கூடுதல். பைனரி தெரிஞ்சவங்களுக்கு அந்த நம்பரப் பாத்ததும் பொறி தட்டும், 2-ஐ 12 தடவ பெருக்கினா 4096, அதாவது மெமரில ஒரே ஒரு பிட் 0-லேருந்து 1-க்குத் தாவியிருந்தா இதே வித்தியாசம்தான் வரும். சாஃப்ட்வேர்ல தேடித் தேடிப் பாத்தாங்க, ஒண்ணும் சிக்கல, கடைசில தானா ஒரு பிட் புரண்டிருக்கணும்னு முடிவு பண்ணாங்க.

ஏன் தானா புரளுதுங்கிறதுக்கு 1978-லயே ஒரு பதில் வந்துடுச்சு. இன்டெல்ல வேலை பாத்த டிமோதி மே, முர்ரே வுட்ஸ் ரெண்டு பேரும், சிப்ப மூடி வைக்கிற செராமிக் பேக்கேஜ்ல துளியூண்டு கலந்திருக்கிற யுரேனியம், தோரியத்துலேருந்து வர்ற ஆல்ஃபா துகள் மெமரில ஒரு பிட்ட சார்ஜா வச்சிருக்கிற டிரேம் செல்லுல அடிச்சு உள்ள இருக்கிற சார்ஜக் கலைச்சுடுதுன்னு காட்டினாங்க. அடுத்த வருசமே காஸ்மிக் கதிரும் இந்த வேலையப் பண்ணும்னு ஒரு பேப்பர் வந்தது. இது தற்காலிகத் தப்பு, திரும்ப எழுதினா சரியாயிடும். இன்னொரு வகை நிரந்தரம், ஒரு கேட்டோட (0, 1 வச்சு முடிவெடுக்கிற குட்டி சர்க்யூட்) அவுட்புட் 0-லயோ 1-லயோ அப்படியே ஒட்டிக்கும், ஸ்டக்-அட் ஃபால்ட்டுன்னு சொல்வாங்க. மூணாவது இதெல்லாத்த விட மோசம், சூடு ஏறினா, வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினா மட்டும் வந்துட்டுப் போற தப்பு, டெக்னீஷியன் வந்து பாக்கிறப்ப மட்டும் நல்ல புள்ள மாதிரி உக்காந்திருக்கும்.

பேரிட்டி எல்லாரும் படிச்சதுதான், எட்டு பிட்டோட ஒன்பதாவதா ஒரு பிட் சேத்து மொத்தம் இருக்கிற 1-களோட எண்ணிக்கை ஒத்தப்படையா வர்ற மாதிரி பாத்துக்கிறது, ஒரு பிட் மாறினா இரட்டைப்படை ஆயிடும், மாட்டிக்கும். 1981-ல வந்த ஐபிஎம் பிசியிலயே ஒன்பதாவது பிட் இருந்தது, தப்பு வந்தா ஸ்கிரீன்ல 'பேரிட்டி செக்'னு காட்டிட்டு மெஷின் அப்படியே நின்னுடும். இதுகூட வேணாம்னு நினைச்ச பெரிய ஆளு ஒருத்தர் இருந்தார், சூப்பர் கம்ப்யூட்டர் செஞ்ச சீமோர் க்ரே. 'பேரிட்டியெல்லாம் விவசாயிகளுக்கு'ன்னு அவர் சொன்னதா ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது, அமெரிக்காவுல அப்ப விளைபொருள் விலை ஆதரவுத் திட்டத்துக்கும் பேரிட்டின்னுதான் பேரு, அத வச்சு ஒரு நக்கல். வேகம்தான் முக்கியம், செக்கிங் எல்லாம் வேகத்தக் கொறைக்கும்ங்கிறது அவரோட கட்சி. ஆனா 1976-ல அமெரிக்காவோட லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன முதல் க்ரே-1 மெஷின்ல பேரிட்டி இருந்தது, ஆறு மாசத்துல 152 மெமரி பேரிட்டி எரர் பதிவாச்சு, அதுக்கப்புறம் வந்த மெஷின்கள்ல எரர் திருத்தற வசதியே வச்சுட்டாங்க. காஸ்மிக் கதிர் யார் பேரையும் பாக்கிறதில்ல.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். பேரிட்டி பிட் இருக்கு, அத செக் பண்ண, 1-கள் ஒத்தப்படையா இரட்டைப்படையான்னு சொல்ற எக்ஸ்-ஆர் கேட்டுகள மரம் மாதிரி அடுக்கி கடைசில ஒரு வயர் வெளிய வருது, 0-ன்னா நல்லது, 1-ன்னா தப்புன்னு வச்சுக்குவோம். இந்தக் கடைசி வயர் 0-ல ஒட்டிக்கிச்சுன்னா? மெமரி முழுக்க குப்பையா போனாலும் செக்கர் 'எல்லாம் நல்லாருக்கு'ன்னு சொல்லிட்டே இருக்கும். வேலியே பயிரை மேயற கதைதான். இதுல குரூரமான ஒரு விசயம் என்னன்னா, மெஷின் நல்லா ஓடற வரைக்கும் அந்த வயருக்கு 1-ஆகுற வேலையே கிடையாது, அதனால அது 1-ஆகற திறமைய இழந்துடுச்சாங்கிறது யாருக்கும் தெரியாது, தெரியவர்ற நாள் அது தேவைப்படற நாள்தான். சரி, செக்கரச் செக் பண்ண இன்னொரு செக்கர் வச்சா? அதுக்கு மேல இன்னொண்ணு வேணும், அனுமார் வால் மாதிரி நீண்டுட்டே போகும்.

1968-ல ஐபிஎம்ல இருந்த கார்ட்டர், ஷ்னைடர் ரெண்டு பேரும் இதுக்கு வேற ரூட்ல போனாங்க. செக்கரோட பதிலயும் ஒரு கோடா (code, எந்தப் பதில் செல்லும், எது செல்லாதுன்னு முன்னாடியே வகுத்த குறியீடு) மாத்திடு, ஒரு வயருக்குப் பதிலா ரெண்டு வயர், 01 இல்லன்னா 10 வந்தா நல்லது, 00 வந்தாலும் 11 வந்தாலும் தப்பு. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா இதுல இருக்கிற சூட்சுமம் என்னன்னா 'நல்லது'ங்கிற பதிலுக்கே ரெண்டு முகம் இருக்கு, மெஷின் ஒழுங்கா ஓடறப்பவே ரெண்டு வயரும் 0-க்கும் 1-க்கும் மாறி மாறி ஆடிட்டே இருக்கும், எந்த வயராவது ஒட்டிக்கிச்சுன்னா அடுத்த தடவ அது மாற வேண்டிய நேரத்துல 00-வோ 11-ஓ வந்து தானா மாட்டிக்கும். பல்பு டெஸ்ட்டு தனியா எதுக்கு, பல்புதான் எரிஞ்சு எரிஞ்சு அணையுதே. பின்னாடி ஆண்டர்சன், மெட்ஸி ரெண்டு பேரும் இத இன்னும் கறாரா வரையறுத்தாங்க, அந்தத் துறையில இன்னிக்கு வரைக்கும் ஓடற வரையறை அதுதான்: சர்க்யூட்ல ஒரு பழுது வந்தா ஒண்ணு பதில் சரியா வரணும், இல்ல கோடுக்கு வெளிய இருக்கிற பதில் வரணும், தப்பான பதில் சரியான வேசம் போட்டுட்டு வரவே கூடாது. அது ஒண்ணு. ரெண்டாவது, எந்தப் பழுதா இருந்தாலும் வழக்கமா வர்ற இன்புட்டுல ஏதாவது ஒண்ணாவது அதக் காட்டிக் குடுக்கணும். ரெண்டும் சேந்தா டோட்டலி செல்ஃப்-செக்கிங், சுருக்கமா டிஎஸ்சி.

பேரிட்டி செக்கர டிஎஸ்சி ஆக்கறது எப்படின்னு முதல் தடவ படிச்சப்ப எனக்கு நெசமாவே சிரிப்பு வந்துச்சு. ஒன்பது பிட் இருக்கு, ஒத்தப்படை பேரிட்டி. அத நாலு பிட் ஒரு கும்பல், அஞ்சு பிட் ஒரு கும்பல்னு பிரிச்சு ரெண்டுக்கும் தனித்தனி எக்ஸ்-ஆர் மரம். மொத்தம் ஒத்தப்படைன்னா ஒரு கும்பல் ஒத்தப்படை, இன்னொண்ணு இரட்டைப்படையா இருந்தே ஆகணும், அதாவது ரெண்டு மரத்தோட பதிலும் எப்பவும் எதிரும் புதிருமா, 01 இல்ல 10. அவ்வளவுதான், முடிஞ்சுது. பழைய செக்கர்ல இந்த ரெண்டையும் சேத்து ஒரு வயராக்க கடைசில ஒரு கேட் இருந்துச்சுல்ல, அதத் தூக்கிப் போட்டுட்டாங்க. பாதுகாப்ப கூட்டறதுக்கு சர்க்யூட்ட கொறைச்ச கதைய வேற எங்கயும் நான் பாத்ததில்ல.

இந்த மாதிரி 01, 10-ன்னு வர்ற நிறைய ஜோடிகள ஒண்ணா சுருக்கணும்னா டூ-ரெயில் செக்கர்னு ஒரு குட்டி சர்க்யூட் இருக்கு, மொத்தம் ஆறே கேட்டு, ஒரு பேப்பர் எடுத்து வரைஞ்சு பாருங்க. ஆண்ட் கேட் ரெண்டு இன்புட்டும் 1-ஆ இருந்தாத்தான் 1 குடுக்கும், ஆர் கேட் ஏதாவது ஒண்ணு 1-ஆ இருந்தாலே 1 குடுக்கும். இன்புட்டு ரெண்டு ஜோடி, முதல் ஜோடிய அ1, அ2-ன்னும் ரெண்டாவத இ1, இ2-ன்னும் வச்சுக்குவோம். அ1-ம் இ1-ம் ஒரு ஆண்ட் கேட், அ2-ம் இ2-ம் ஒரு ஆண்ட் கேட், இந்த ரெண்டையும் ஆர் பண்ணா முதல் அவுட்புட். குறுக்கால அ1-ம் இ2-ம் ஒண்ணு, அ2-ம் இ1-ம் ஒண்ணு, அதையும் ஆர் பண்ணா ரெண்டாவது அவுட்புட். ரெண்டு ஜோடியும் 10-ன்னு வந்தா முதல் அவுட்புட் 1, ரெண்டாவது 0, நல்லது. முதல் ஜோடி கெட்டுப்போய் 11-ன்னு வந்தா ரெண்டு அவுட்புட்டும் 1, மாட்டிக்கிச்சு. 00-ன்னு வந்தா ரெண்டும் 0, அதுவும் மாட்டிக்கிச்சு. இப்ப இன்புட்ட விட்டுட்டு செக்கரயே கெடுப்போம், முதல் ஆண்ட் கேட் செத்து எப்பவும் 0 குடுக்குதுன்னு வைங்க, ரெண்டு ஜோடியும் 10-ஆ வர்ற அடுத்த தடவ 1 வரவேண்டிய இடத்துல 0 வரும், அவுட்புட் 00, தன்னையே காட்டிக் குடுத்துடுச்சு. அதே கேட் 1-ல ஒட்டிக்கிச்சுன்னா ரெண்டாவது அவுட்புட் 1-ஆ வர்ற அடுத்த நேரத்துல 11 வந்து நிக்கும். ஜோடி அதிகமானா இதையே மரம் மாதிரி அடுக்கிக்கலாம், எத்தனை ஜோடியோ அதுல ஒண்ணு கம்மியா இந்தக் குட்டி சர்க்யூட் போதும்.

ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, பாடப்புத்தகத்துல ஓரமா ஒரு வரியில முடிச்சுடுவாங்க. ரெண்டு ஜோடிக்கும் சேத்து நல்ல இன்புட்டு நாலு விதமா வரலாம், அந்த நாலும் வந்து போனாத்தான் எல்லா கேட்டும் சோதிக்கப்படும். ஏதோ ஒரு கண்ட்ரோல் சிக்னல் மாசக்கணக்குல 0-லயே இருக்கிற மாதிரி டிசைன்னா அந்த ஜோடி 01-லயே உக்காந்திருக்கும், செக்கர்ல பாதி கேட்டு தூங்கிட்டிருக்கும். தூங்கற கேட்டு செத்துப் போனா யாருக்குத் தெரியும்? முதல் பழுது இப்படி ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிறப்ப ரெண்டாவது பழுதும் வந்தா மொத்தக் கணக்கும் காலி. கார் எலக்ட்ரானிக்ஸுக்கான பாதுகாப்புத் தரநிலை ஐஎஸ்ஓ 26262-ல ஒளிஞ்சிருக்கிற பழுதுக்குன்னே தனியா ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க, ஏஎஸ்ஐஎல் டி-ங்கிற உச்ச நிலைக்கு நேரடிப் பழுதுல 99 சதவீதமும் ஒளிஞ்ச பழுதுல 90 சதவீதமும் கவனிக்கப்பட்டிருக்கணும்னு எதிர்பாக்கிறாங்க.

இதுவரைக்கும் பேசினதெல்லாம் டேட்டா சும்மா ஒரு இடத்துல இருக்கிறப்ப, இல்ல ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போறப்ப. கணக்கு போடறப்பதான் நெசமான சிக்கலே. ரெண்டு நம்பரோட பேரிட்டியும் தெரியும்ங்கிறதுக்காக கூட்டுத்தொகையோட பேரிட்டிய சும்மா சொல்லிட முடியாது, கூட்டறப்ப அடுத்த இடத்துக்கு மிஞ்சிப் போற கேரி நடுவுல வந்து கலைச்சுடும். அதுக்கு ரெசிட்யூ கோடுன்னு ஒண்ணு, பள்ளிக்கூடத்துல பெருக்கலச் சரிபாக்க ஒன்பதால வகுத்து மீதி பாப்போம்ல, அதேதான், இங்க ஒன்பதுக்குப் பதிலா மூணு. 37-ம் 58-ம் கூட்டினா 95. 37-ஐ மூணால வகுத்தா மீதி 1, 58-க்கும் மீதி 1, அப்ப கூட்டுத்தொகைக்கு மீதி 2 வரணும், 95-க்கு மீதி 2, சரி. இப்ப கூட்டல் போடற சர்க்யூட்ல கீழ் பிட்டுல இல்லாத ஒரு கேரி உள்ள நுழைஞ்சு 95-க்குப் பதிலா 96 வந்துடுச்சுன்னு வைங்க. பைனரில 95-ங்கிறது 1011111, 96-ங்கிறது 1100000. ஒரே ஒரு சின்ன பழுது, ஆனா ஆறு பிட்டு புரண்டிருக்கு. 1-களை எண்ணிப் பாருங்க, முன்னாடி ஆறு, இப்ப ரெண்டு, ரெண்டுமே இரட்டைப்படை, பேரிட்டி பேசாம கடந்து போயிடும். ஆனா 96-ஐ மூணால வகுத்தா மீதி 0, மாட்டிக்கிச்சு. தற்செயல் இல்ல இது, ஒரு பிட்டுலயோ ஒரு கேரியிலயோ வர்ற பழுது விடையை 1, 2, 4, 8-ன்னு ரெண்டோட அடுக்கு ஒண்ணாலதான் கூட்டும் இல்ல கொறைக்கும், அந்த நம்பர் எதுவும் மூணால மீதியில்லாம வகுபடாது. பெருக்கலுக்கும் இதே ஓடும், மீதி வெறும் ரெண்டு பிட்டு, அதனால செலவும் கம்மி. எனக்குக் கேட்டா இந்தத் துறையிலயே காசுக்கு ஏத்த சரக்கு இதுதான்.

பெர்கர் கோடுன்னு 1961-ல வந்த ஒண்ணையும் சொல்லிடறேன், டேட்டால எத்தனை 0 இருக்குன்னு எண்ணி அந்த எண்ணிக்கையை கூடவே எழுதி வைக்கிறது. பழுது எல்லாம் ஒரே திசையில, 1-லேருந்து 0-க்கு மட்டும் விழுதுன்னா, எத்தனை பிட்டு விழுந்தாலும் சிக்கிக்கும், ஏன்னா டேட்டால விழுந்தா 0 கூடும், எண்ணிக்கையில விழுந்தா அந்த நம்பர் கொறையும், ரெண்டும் எந்தக் காலத்துலயும் ஒத்துப்போகாது.

இவ்வளவு மூளையெல்லாம் எதுக்கு, ரெண்டு சர்க்யூட் வச்சு ரெண்டு பதிலயும் ஒப்பிட்டா போதாதான்னு கேக்கலாம், அதையும் ஆதி காலத்துலயே செஞ்சுட்டாங்க. 1951-ல வந்த யூனிவாக்-1-ல கணக்குப் போடற சர்க்யூட்டு ரெண்டு செட்டு இருந்துச்சு, பதில் வேற வேறயா வந்தா மெஷின் நிக்கும். இன்னிக்கு கார் பிரேக், ஸ்டீயரிங் பாத்துக்கிற சிப்புகள்ல லாக்ஸ்டெப்புன்னு சொல்றது இதோட பேரப்புள்ளைதான், ஒரே மாதிரி ரெண்டு கோர் (புரோகிராம ஓட்டற மூளைப் பகுதி), ரெண்டுக்கும் ஒரே புரோகிராம், ஒவ்வொரு கிளாக் துடிப்புலயும் ஒப்பீடு. ஆனா ரெட்டப்புள்ளைங்களுக்கு ஒரே நேரத்துல காய்ச்சல் வரும்ல, பவர் லைன்ல ஒரு குலுக்கல் வந்தா ரெண்டு கோரும் ஒரே தப்ப ஒரே நேரத்துல பண்ணி கை கோத்துக்கிட்டு வரும், ஒப்பிடறவனுக்கு எல்லாம் சுபம். அதனால டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட டிஎம்எஸ்570 மாதிரி சிப்புல ஒரு கோர ரெண்டு கிளாக் தாமதமா ஓட விடுவாங்க, சிலிக்கான்ல அதோட லேஅவுட்டையும் திருப்பிப் போட்டிருப்பாங்க. ஒப்பிடற சர்க்யூட்டுக்கும் தனியா ஒரு செல்ஃப்-டெஸ்ட் உண்டு, வேணும்னே பொருந்தாத டேட்டாவ ஊட்டி கத்துதான்னு பாக்கிறது. ஒண்ணு மட்டும் ரெட்டைல சிக்கவே சிக்காது, டிசைன்லயே இருக்கிற தப்பு. 1994-ல இன்டெல்லோட பென்டியம் சிப்புல வகுத்தல்ல வந்த பக் மாதிரி ஒண்ணுன்னா ரெண்டு கோரும் ஒரே தப்பான விடைய ஒத்துமையா குடுத்துட்டுப் போகும்.

ஐபிஎம்மோட பெரிய கம்ப்யூட்டரான மெயின்ஃப்ரேம்ல இது எப்படி வளந்துச்சுங்கிறது தனிச் சுவாரசியம். 1998-ல வந்த ஜி5 பிராசஸர்ல கட்டளையப் படிக்கிற இன்ஸ்ட்ரக்சன் யூனிட்டும் அத நிறைவேத்தற எக்சிகியூசன் யூனிட்டும் ரெண்டு ரெண்டு, பதில் ஒத்துப்போனாத்தான் ரிசல்ட்ட தனியா இருக்கிற ஆர்-யூனிட்ல பதியும், ஒத்துப்போகலன்னா கடைசியா பதிஞ்ச நல்ல நிலைக்குப் போய் திரும்ப ஓட்டும், அதுவும் சரிவரலன்னா அந்த நிலைய இன்னொரு பிராசஸருக்கு மாத்திடும், மேல ஓடற புரோகிராமுக்கு ஒண்ணுமே தெரியாது. 2008-ல வந்த இசட்10-ல அந்த ரெட்டைய விட்டுட்டு, நான் மேல சொன்ன பேரிட்டி, ரெசிட்யூ மாதிரி செக்கர்கள டேட்டா போற வழியெல்லாம் ஊடால வச்சுட்டாங்க. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரெட்டைன்னா இடமும் மின்சாரமும் ரெண்டு மடங்கு, அதே காவல கோடு வச்சுப் பண்ணா அவ்வளவு ஆகாது.

இங்க ஒரு குழப்பத்தத் தீத்துடலாம், தப்பான பிட்டத் தானே திருத்திக்கிற இசிசி மெமரி இருக்கே, அது போதாதான்னு நிறைய பேர் கேக்கறாங்க. இசிசியோட தாத்தா ரிச்சர்ட் ஹாமிங், 1940-கள் கடைசில பெல் லேப்ஸ்ல வார இறுதியில ரிலே கம்ப்யூட்டர்ல வேலையப் போட்டுட்டுப் போவார், மெஷின் எரர கண்டுபிடிச்சதும் அந்த வேலைய விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும், திங்கக்கிழமை வந்து பாத்தா வெறுங்கைதான். தப்பு இருக்குன்னு தெரியுற மெஷினுக்கு எங்க இருக்குன்னும் தெரிஞ்சு திருத்த வேண்டியதுதானேங்கிற கடுப்புலதான் 1950-ல அந்த கோடு வெளிவந்தது. இன்னிக்கு 64 பிட்டுக்கு 8 பிட்டு கூடுதலா வச்சு ஒரு பிட்டு தப்பத் திருத்தி ரெண்டு பிட்டு தப்பக் கண்டுபிடிக்கிறது அதோட வாரிசு. டிடிஆர்5 மெமரில எல்லா சிப்புலயும் இசிசி இருக்குன்னு விளம்பரம் வருதுல்ல, அது சிப்புக்குள்ள 128 பிட்டுக்கு 8 பிட்டு, சிப்ப விட்டு வெளிய வந்து வயர்ல போறப்ப அந்தக் காவல் இல்ல. ஆனா முக்கியமா, இசிசி எல்லாமே வச்ச பொருள் வச்ச மாதிரி இருக்கான்னுதான் பாக்கும். ஏஎல்யு (பிராசஸர்ல கணக்குப் போடற பகுதி) தப்பா கணக்குப் போட்டு அந்தத் தப்பு விடைய மெமரில எழுதினா இசிசி அதுக்கும் முறையா சீல் குத்தி பத்திரமா வச்சிருக்கும்.

2021-ல ஃபேஸ்புக்காரங்க வெளியிட்ட பேப்பர்ல இருக்கிற உதாரணம் அதுக்கு நல்ல சாட்சி. சுருக்கி வச்ச ஃபைல விரிக்கிறப்ப சில ஃபைல் காணாமப் போகுது, எரர் மெசேஜ் எதுவும் இல்ல, தோண்டித் தோண்டிப் போனா ஒரு மெஷின்ல 59-ம் நம்பர் கோர்ல 1.1-ஓட 53-ம் அடுக்க முழு எண்ணா மாத்தினா 156 வரணும், 0 வருது. 52-ம் அடுக்கு கேட்டா 142-ன்னு கரெக்டா சொல்லுது. ஃபைலோட அளவு 0-ன்னு வந்ததால விரிக்க ஒண்ணுமில்லன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிருக்கு. அதே வருசம் கூகுள்காரங்களும் சில ஆயிரம் மெஷினுக்கு ஒரு சில இந்த மாதிரி கோர் தட்டுப்படுதுன்னு எழுதினாங்க. பொதுச் சந்தை பிராசஸர்ல கேஷுக்கு (உள்ளயே இருக்கிற வேக மெமரி) எல்லாம் பேரிட்டியும் இசிசியும் இருக்கு, ஆனா கணக்குப் போடற பகுதிக்கு மெயின்ஃப்ரேம் அளவுக்கு காவல் வைக்கிறதில்ல, அதான் இந்தத் தப்பு சத்தமே இல்லாம ஃபைல் வரைக்கும் போயிடுது.

இப்ப டேட்டா சென்டர்காரங்க என்ன பண்றாங்கன்னா, மெஷின மெயின்டனன்ஸுக்கு எடுக்கிறப்ப டெஸ்ட் புரோகிராம் ஓட்டறாங்க, நடுநடுவுல வேலை ஓடிட்டு இருக்கிறப்பவே சின்னச் சின்ன டெஸ்ட்டச் சொருகறாங்க. அதாவது சாவியத் திருப்பி பல்பு எரியுதான்னு பாக்கிற வேலைக்கே திரும்ப வந்துட்டோம், கொஞ்சம் அடிக்கடி திருப்பறோம், அவ்வளவுதான் வித்தியாசம். சூட்டுல மட்டும் தப்பு பண்ற கோர், டெஸ்ட் ஓடற அந்த நிமிசம் சூடா இல்லாம இருந்தா விடை சரியாவே வந்துட்டுப் போகும்.